காலரா நச்சின் கண்டறிதல்: சம்பு நாத் டேயின் நோயியல் ஆய்வுகளும் அவற்றின் அறிவியல் மதிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

காலரா நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை இராபர்ட் கோக் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிரித்தெடுத்து இனங்கண்டார். எனினும், அந்நுண்ணுயிரி மனித உடலில் எவ்வாறு நோயை உண்டாக்குகிறது என்னும் வினாவிற்கு அடுத்த 75 ஆண்டுகள் வரை உறுதியான விடை கிடைக்கவில்லை. அவ்விடையை அதே கல்கத்தா நகரில் நோயியல் பேராசிரியராகப் பணியாற்றிய சம்பு நாத் டே 1959-இல் அளித்தார். உயிருள்ள நுண்ணுயிரிகள் முற்றிலும் நீக்கப்பட்ட வடிநீரே முயலின் குடலில் காலராவை ஒத்த நீர்ச்சேர்க்கையை உண்டாக்கும் என்பதை அவர் மெய்ப்பித்தார். டேயின் ஆய்வுமுறை எத்தகையது, அதுவரை பிறர் எய்தாத முடிவை அவர் எவ்வாறு எய்தினார், அவருடைய விளக்கங்களுள் எவை நிலைத்தன, எவை திருத்தம் பெற்றன, அவருக்குரிய ஏற்பு ஏன் காலந்தாழ்ந்து வந்தது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காலரா, விப்ரியோ காலரே, நோயியல், குடல்நச்சு, அகநச்சு, குடற்கண்ணிச் சோதனை, சம்பு நாத் டே.

முன்னுரை

தமிழ் மக்கள் காலராவை வாந்திபேதி என்று வழங்கினர். நோயின் வெளிப்பாட்டையே நோயின் பெயராக்கிய வழக்கு அது. அப்பெயர் நோயின் மையத்தையும் சரியாகச் சுட்டுகிறது. காலராவில் உயிரிழப்பு நேர்வது நுண்ணுயிரி உடலெங்கும் பரவுவதால் அன்று. குடல்வழியே நீரும் உப்புகளும் அளவின்றி வெளியேறுவதால் ஆகும். கடுமையான நோயாளி ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும் நீரை இழக்கக்கூடும். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் இறந்துபோவது இந்நோயில் அரிதன்று.

குடலின் உட்பரப்பில் மட்டும் தங்கி, திசுக்களுக்குள் ஊடுருவாத ஒரு நுண்ணுயிரி இத்துணைப் பெரிய நீரிழப்பை எவ்வாறு உண்டாக்குகிறது? மருத்துவ அறிவியல் நெடுங்காலம் விடைகாண இயலாமல் நின்ற வினா இது. பல நாடுகளின் ஆய்வகங்கள் முயன்றும் தீராத இவ்வினா, மிக எளிய கருவிகளைக் கொண்ட ஒரு கல்லூரி நோயியல் துறையில் தீர்வு கண்டது. இந்நிகழ்வை ஒருவருடைய தனித்திறனின் கதையாக மட்டும் காண்பது போதாது. வினாவை அமைத்துக்கொள்ளும் முறையே விடையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1. தீராத வினாவின் வரலாறு

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைச் சேர்ந்த ஃபிலிப்போ பச்சினி, காலராவால் இறந்தோரின் குடலில் வளைந்த நுண்ணுயிரிகள் இருப்பதை 1854-ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். அக்காலத்து மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், ஜெர்மானிய ஆய்வுக்குழுவின் தலைவராக 1883-இல் எகிப்துக்கும் தொடர்ந்து கல்கத்தாவுக்கும் வந்த இராபர்ட் கோக், 1884-இல் அந்நுண்ணுயிரியைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார். அது ஒருவகை நஞ்சைச் சுரந்தே நோயை உண்டாக்க வேண்டும் என்னும் கருத்தையும் அவர் முன்வைத்தார். ஆனால், அக்கருத்தைச் சோதனையால் நிறுவ அவரால் இயலவில்லை. இயற்கையில் காலரா மனிதரையே தாக்குவது. விலங்குகளில் அந்நோயை அதன் உண்மை வடிவில் தோற்றுவிப்பது கடினமாயிற்று.

இதே காலத்தில் தொண்டை அடைப்பான் நோயில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. அந்நோயின் நுண்ணுயிரி அறியப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1888-இல் பாரிசில் எமில் ரூவும் அலெக்சாண்டர் எர்சினும் வளர்ப்பு வடிநீரிலிருந்து அதன் நச்சைக் காட்டினர். காலராவின் நச்சுக்கு மட்டும் 75 ஆண்டுகள் தேவைப்பட்டதற்குக் காரணம் நச்சு செயற்படும் இடமே. தொண்டை அடைப்பான் நச்சு குருதியில் கலந்து உடலெங்கும் செல்வது. விலங்கின் தோலடியில் செலுத்தினாலும் அது தன் விளைவைக் காட்டிவிடும். காலரா நச்சோ குடலின் உட்பக்கத்திலிருந்து, குடற்சுவரின் மேற்பரப்பு உயிரணுக்களின் மீது செயற்பட்டால்தான் பேதியாக வெளிப்படும். இவ்வேறுபாட்டை உணராமல், ஒன்றில் வெற்றி தந்த வழியையே மற்றொன்றிலும் பின்பற்றினர்.

மேலும், 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் காலரா நுண்ணுயிரியின் உடலோடு பிணைந்திருந்து, அது சிதையும்போது வெளிப்படும் நச்சுப்பொருள் ஒன்றை விவரித்தார். எண்டோடாக்சின் எனப்படும் அகநச்சு பற்றிய கருத்து இதிலிருந்தே தோன்றியது. இக்கண்டறிதல் நுண்ணுயிரியலுக்கு அடிப்படையானது. ஆயினும் காலரா ஆய்வை அது திசைமாற்றியது. காலராவின் எல்லா விளைவுகளுக்கும் அகநச்சே காரணம் என்னும் எண்ணம் நிலைபெற்றது. நுண்ணுயிரிகளையோ அவற்றின் சிதைவுகளையோ விலங்கின் வயிற்றறை உறைக்குள்ளும் குருதிக்குழாய்களிலும் செலுத்தி, விலங்கு இறப்பதையே சோதனையின் வெற்றியாகக் கொண்டனர். விலங்கு இறந்தது, ஆனால் அது காலராவால் இறக்கவில்லை. பேதியே தோன்றாத ஒரு நிலையைக் காலரா என்று கருதி ஆராய்ந்தமையே இவ்வாய்வுகளின் அடிப்படைக் குறைபாடாகும்.

இதனோடு மற்றொரு பிழைக்கருத்தும் சேர்ந்தது. காலராவில் குடலின் உட்படலம் உரிந்து உதிர்வதாலேயே நீர் கசிகிறது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நம்பப்பட்டது. இறந்தோரின் குடலைக் கண்டே இம்முடிவுக்கு வந்தனர். குடற்படலம் இறப்பிற்குப் பின் மிக விரைவாகச் சிதையும் இயல்புடையது என்பதும், காணப்பட்ட உரிதல் அச்சிதைவாகவே இருக்கக்கூடும் என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

2. சம்பு நாத் டேயின் கல்வியும் பயிற்சியும்

சம்பு நாத் டே 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கரிபாட்டி என்னும் ஊரில் பிறந்தார். ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியிலும் பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1939-இல் மருத்துவப் பட்டமும் 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார். 1947-இல் இலண்டன் சென்று, பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் புகழ்பெற்ற நோயியல் அறிஞர் சர் ராய் கேமரனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

கேமரனிடம் அவர் ஆராய்ந்தது காலராவை அன்று. மூளைநீர்த் தேக்கம், நுரையீரல் நீர்க்கோவை ஆகியவற்றைப் பற்றியதே அவ்வாய்வு. இப்பின்னணி மேலோட்டமாகப் பார்க்கத் தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால், உடலின் ஓரிடத்தில் நீர் ஏன் சேர்கிறது, எவ்வழியே சேர்கிறது என்னும் வினாவையே அவர் இலண்டனில் ஆராய்ந்தார். கல்கத்தா திரும்பியபின் காலராவை அணுகியபோதும் அதே வினாவையே அவர் குடலை நோக்கி எழுப்பினார். நுண்ணுயிரியல் அறிஞர்கள் நுண்ணுயிரியிலிருந்து நோயை நோக்கிச் சென்றனர். டே நோயிலிருந்து நுண்ணுயிரியை நோக்கி வந்தார்.

தாயகம் திரும்பிய அவர் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் பணியேற்றார். 1955-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியல், நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவரானார். காலரா ஆண்டுதோறும் பரவிய நகரில், நோயாளிகளையும் இறந்தோரின் உறுப்புகளையும் நேரில் ஆராயும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. சென்குப்தா, சந்தா ஆகியோருடன் இணைந்து காலராவில் சிறுநீரகங்களில் நேரும் மாற்றங்களை ஆராய்ந்து 1954-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இவ்வாய்ப்பின் பயனாகும்.

3. குடற்கண்ணிச் சோதனை

1953-ஆம் ஆண்டு டே, சட்டர்ஜி ஆகிய இருவரும் இணைந்து நோயியல், நுண்ணுயிரியல் துறைகளுக்குரிய ஆங்கிலேய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை குடற்கண்ணிச் சோதனையை விவரித்தது. அச்சோதனையின் அமைப்பு எளியது. உணவளிக்காமல் வைத்திருந்த முயல் ஒன்றை மயக்கமுறச் செய்து, அதன் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு பகுதியை வெளியே எடுப்பர். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நூலால் முடிச்சிடுவர். இவ்வாறு மூடப்பட்ட குடற்கண்ணிக்குள் 1 மில்லிலிட்டர் காலரா வளர்ப்பை ஊசியால் செலுத்துவர். ஒப்பீட்டிற்காக, மற்றொரு கண்ணியில் நுண்ணுயிரி இல்லாத ஊடகத்தைச் செலுத்துவர். பின் குடலை உள்ளே வைத்துத் தைத்துவிடுவர். மறுநாள் வயிற்றைத் திறந்து நோக்குவர்.

விளைவு ஐயத்திற்கு இடமற்றதாக இருந்தது. காலரா வளர்ப்பு செலுத்தப்பட்ட கண்ணி, நீரால் நிரம்பிப் புடைத்திருந்தது. அந்நீர் நோயாளிகள் கழிக்கும் அரிசி கழுவிய நீர் போன்ற கழிவை ஒத்திருந்தது. ஒப்பீட்டுக் கண்ணியோ சுருங்கியவாறே கிடந்தது. ஒரே விலங்கின் ஒரே குடலில், சில அங்குல இடைவெளியில், நோயும் நலமும் அருகருகே காட்சியளித்தன.

இச்சோதனையின் வலிமை மூன்று கூறுகளில் அடங்கியுள்ளது.

முதலாவது, இடம். நோய் இயல்பாக நிகழும் இடமாகிய குடலின் உட்பகுதியிலேயே நோய்க்காரணி செலுத்தப்பட்டது. இரைப்பையின் அமிலத் தடையும் இவ்வகையில் தவிர்க்கப்பட்டது.

இரண்டாவது, காலம். வளர்ந்த முயலின் குடலில் செலுத்தப்படும் நுண்ணுயிரிகள் குடலின் அசைவால் விரைவில் அடித்துச் செல்லப்படும். முடிச்சுகள் அவற்றை ஓரிடத்தில் நிறுத்தின.

மூன்றாவது, அளவுகோல். விலங்கின் இறப்பு அன்று, நீரின் சேர்க்கையே விளைவாகக் கொள்ளப்பட்டது. அதாவது, அளக்கப்பட்டது காலராவின் மைய நிகழ்வே ஆகும்.

இம்முறை முற்றிலும் முன்னோடியற்றது அன்று. வயோல், கிரெண்டிரோப்புலோ ஆகிய இருவரும் 1915-ஆம் ஆண்டிலேயே முடிச்சிட்ட முயற்குடலில் காலரா நுண்ணுயிரியைச் செலுத்திச் சோதித்திருந்தனர். ஆனால், அவ்வாய்வு மறக்கப்பட்டது. அதிலிருந்து தொடர்ச்சியான ஆய்வுமரபு எதுவும் உருவாகவில்லை. ஒரு சோதனையைச் செய்வதற்கும், அச்சோதனை எந்த வினாவிற்கு விடையளிக்கிறது என்பதை உணர்ந்து அடுத்த படிக்குச் செல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இவ்விரு முயற்சிகளின் ஒப்பீடு காட்டுகிறது.

4. 1959-ஆம் ஆண்டின் மெய்ப்பிப்பு

குடற்கண்ணிச் சோதனை, நோயின் விளைவை அளக்கும் கருவியை அளித்தது. அடுத்த வினா தெளிவானது: நீரை வரவழைப்பது உயிருள்ள நுண்ணுயிரியா, அது வெளியிடும் பொருளா? டே, காலரா நுண்ணுயிரியைப் பெப்டோன் நீரில் வளர்த்து, நுண்ணுயிரிகள் முற்றிலும் நீங்கும்படி வடிகட்டி, அவ்வடிநீரை மட்டும் முயலின் குடற்கண்ணிக்குள் செலுத்தினார். கண்ணி நீரால் நிரம்பியது. உயிருள்ள நுண்ணுயிரி ஒன்றும் இல்லாத நிலையிலும் காலராவின் மைய நிகழ்வு தோன்றிற்று. எனவே, நுண்ணுயிரி தன் உடலிலிருந்து வெளியே சுரக்கும் ஒரு குடல்நச்சே இதற்குக் காரணம் என்பது உறுதியாயிற்று.

இம்முடிவை டே தனியொருவராக எழுதி, 'நேச்சர்' ஆய்விதழில் 1959-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு பக்க அளவே கொண்ட அக்கட்டுரை, கோக்கின் கருத்திற்கு முக்கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த சான்றாகும். தொடர்ந்து கோஷ், சென் ஆகியோருடன் இணைந்து 1960-இல் விரிவான சான்றுகளை அவர் வெளியிட்டார்.

இக்காலத்திலேயே பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழியில் இதே திசையில் சென்றனர் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். அவர்கள் பிறந்து சில நாட்களே ஆன முயற்குட்டிகளின் குடலில் காலரா நுண்ணுயிரியைச் செலுத்திப் பேதியை உண்டாக்கும் முறையை 1955-இல் வகுத்தனர். 1959-இல், நுண்ணுயிரிகளின் சிதைவிலிருந்து பெற்ற பொருளால் முயற்குட்டிகளில் பேதியைத் தோற்றுவித்தனர். இந்தியாவின் இருவேறு நகரங்களில், ஒன்றையொன்று சாராத இரு முறைகளால், ஒரே ஆண்டில் இவ்வாய்வுகள் வெளிவந்தமை அவற்றின் நம்பகத்தன்மையை வலுப்படுத்தியது. எனினும், சிதைந்த உயிரணுக்களையன்றி வடிநீரை மட்டும் பயன்படுத்தியதால், நச்சு வெளியே சுரக்கப்படுவது என்பதை ஐயமற நிறுவியது டேயின் சோதனையே.

5. விளக்கத்தின் எல்லை

ஓர் ஆய்வாளரை மதிப்பிடும்போது அவர்தம் சோதனை காட்டிய உண்மையையும், அவ்வுண்மைக்கு அவர் அளித்த விளக்கத்தையும் பிரித்துக் காணுதல் முறையாகும். டேயின் சோதனை முடிவு இன்றளவும் நிலைத்துள்ளது. ஆனால், குடலில் நீர் சேர்வதற்கு அவர் தொடக்கத்தில் அளித்த விளக்கம் திருத்தம் பெற்றது. குடற்சுவரில் உள்ள குருதித் தந்துகிகளின் ஊடுருவுதிறன் மிகுவதால் நீர் கசிகிறது என்று அவர் கருதினார். நீர்க்கோவை ஆய்வில் பயின்ற ஒருவருக்கு இவ்விளக்கம் இயல்பானதே.

தந்துகிகளிலிருந்து கசியும் நீரில் புரதம் மிகுந்திருத்தல் வேண்டும். காலரா நோயாளிகளின் கழிவில் புரதம் மிகக் குறைவு, உப்புகளே மிகுதி. ஆகவே அது கசிவன்று, சுரப்பு என்பது பின்னைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1960-இல் கேங்கரோசாவும் உடன் ஆய்ந்தோரும் உயிருடனிருந்த காலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு திசுத்துணுக்குகளை எடுத்து நோக்கி, உட்படலம் உரியாமல் முழுமையாக இருப்பதைக் கண்டனர். படலம் உரிகிறது என்னும் பழங்கருத்து இதனால் வீழ்ந்தது. சிதைவின்றியே நீரிழப்பை உண்டாக்கவல்ல நச்சு ஒன்று தேவை என்னும் நிலையில், டே காட்டிய குடல்நச்சு அவ்விடத்தை நிரப்பியது.

6. நச்சின் இயல்பு

நச்சு உண்டு என்பதை மெய்ப்பித்த டேயால் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுக்க இயலவில்லை. அதற்கு வேண்டிய உயிர்வேதியியல் வசதிகள் அவருக்குப் போதிய அளவில் கிட்டவில்லை. அப்பணியை 1969-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் நிறைவேற்றினர். அதன்பின் இந்நச்சின் அமைப்பும் செயலும் படிப்படியாகத் தெளிவாயின.

காலரா நச்சு இரு வகைப் புரதக் கூறுகளால் ஆனது. பி எனப்படும் கூறுகள் ஐந்து. ஏ எனப்படும் கூறு ஒன்று. ஐந்து பி கூறுகளும் வளையமாக அமைந்து, குடல் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்னும் கொழுப்புச் சேர்மத்தைப் பற்றுகின்றன. ஏ கூறு உயிரணுவுக்குள் சென்று, அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியை முடுக்கும் புரதத்தை வேதிமாற்றம் செய்து, அது ஓயாமல் செயற்படும் நிலையில் நிறுத்திவிடுகிறது. இதனால் உயிரணுவில் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞைப் பொருள் பெருகுகிறது. குளோரைடு அயனிகள் குடலுக்குள் வெளியேறுகின்றன. சோடியம் உப்பு உறிஞ்சப்படுவது குறைகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. உயிரணு சாவதில்லை, சிதைவதும் இல்லை. அதன் இயல்பான சுரப்பு வினையே எல்லைமீறி நடைபெறுகிறது.

இந்நச்சுக்குரிய மரபணுக்கள் நுண்ணுயிரியைத் தொற்றும் ஒரு வைரசால் கொண்டுவரப்படுகின்றன என்பதை 1996-இல் வால்டோரும் மெக்கலனோசும் காட்டினர். இதற்கு முன்பே, 1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் முதலில் அறியப்பட்டு வங்காளத்திற்குப் பரவிய ஓ139 என்னும் புதிய வகை, மேற்பரப்பு அமைப்பில் பழைய வகையினின்று வேறுபட்டிருந்தும் அதே நச்சைச் சுரந்தது. நுண்ணுயிரியின் புறத்தோற்றம் மாறினாலும், நச்சு உள்ளவரை காலரா காலராவாகவே இருக்கும் என்பதை இது உணர்த்தியது.

7. பிற நோய்களுக்கும் மருத்துவத்திற்கும் விரிந்த பயன்

டேயின் ஆய்வு காலராவோடு நின்றுவிடவில்லை. குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிரியாகக் கருதப்பட்ட எஸ்செரிச்சியா கோலையின் சில வகைகளும் கடும் பேதியை உண்டாக்கக்கூடும் என்னும் ஐயம் அப்போது நிலவியது. பட்டாச்சார்யா, சர்க்கார் ஆகியோருடன் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், பேதி நோயாளிகளிடமிருந்து பெற்ற அந்நுண்ணுயிரி வகைகளையும் குடற்கண்ணியில் வைத்து டே ஆராய்ந்தார். அவற்றுள் சில கண்ணியை நீரால் நிரப்பின. குடல்நச்சு சுரக்கும் கோலை வகைகள் குழந்தைகளின் பேதிக்கும் பயணிகளின் பேதிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது பின்னர் உறுதிப்பட்டது. அவை சுரக்கும் வெப்பத்தால் செயலிழக்கும் நச்சு, காலரா நச்சை அமைப்பிலும் செயலிலும் நெருங்கி ஒத்தது. குடற்கண்ணிச் சோதனையும் பல பேதி நுண்ணுயிரிகளை ஆராயும் பொதுமுறையாக உலகெங்கும் பரவியது. இன்று உயிரணு வளர்ப்பு, மரபணுச் சோதனை முதலிய முறைகள் பெரும்பாலும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

நச்சுக் கொள்கையின் மருத்துவப் பொருள் மிகப் பெரிது. குடற்படலம் சிதையவில்லையெனில், அது உறிஞ்சும் திறனையும் முழுதும் இழந்திருக்காது. குளுக்கோசும் சோடியமும் இணைந்து உறிஞ்சப்படும் வழி காலராவிலும் கெடாமல் உள்ளது என்பதை 1960-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த உடலியங்கியல் ஆய்வுகள் காட்டின. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து நோயாளியைக் காக்கலாம் என்பது இதன் பயன். ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 1953-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் வாய்வழி நீரூட்டலைக் கையாண்டு எழுதியிருந்தார். எனினும் அதன் அறிவியல் அடிப்படை அப்போது விளங்கவில்லை. 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது பொங்காவ் ஏதிலியர் முகாமில் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தியபோது, 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் தொடக்கத்தில் பரிந்துரைத்த கரைசலில் ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோசு 20 கிராம் அடங்கியிருந்தன.

வாய்வழி நீரூட்டலைக் கண்டவர் டே அல்லர். அது பலரின் உழைப்பால் விளைந்தது. ஆயினும், காலரா என்பது திசுச்சிதைவு நோயன்று, நச்சால் தூண்டப்படும் சுரப்பு நோய் என்னும் புரிதலே அம்மருத்துவத்தின் பயனுக்கு அறிவியல் விளக்கம் தந்தது. அப்புரிதலின் தோற்றுவாய் டேயின் ஆய்வாகும். பின்னாளில் உருவான வாய்வழித் தடுப்பு மருந்துகளுள் ஒன்று, காலரா நச்சின் பி கூறையே உள்ளடக்கியது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

8. காலந்தாழ்ந்த ஏற்பு

டே 1973-இல் பணி ஓய்வு பெற்றார். 1978-இல் காலராவும் அதனை ஒத்த பேதி நோய்களும் குறித்து ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற நோபல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார். இந்தியாவிலோ, அவர் வாழ்ந்த காலத்தில் பெரும் விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. நாட்டின் அறிவியல் கழகங்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். மறுஆண்டு, மேற்கோள் பகுப்பாய்வின் முன்னோடி யூஜின் கார்ஃபீல்டு காலரா ஆய்வில் டேயின் தாக்கத்தை ஆராய்ந்து எழுதினார். 1990-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது.

இத்தாழ்ச்சிக்கு ஒரே காரணம் கூறுவது பொருந்தாது. சில கூறுகளைச் சுட்டலாம். அகநச்சுக் கொள்கை வேரூன்றியிருந்தமையால், டேயின் முடிவு பலருக்கு உடனடியாக விளங்கவில்லை. அவர் சுட்டிய நச்சு பத்தாண்டுகள் கழித்தே தூய வடிவில் கிடைத்தது; பெயர் பெற்ற பொருளோடு கண்டறிந்தவரின் பெயர் இணைவதே அறிவியல் உலகின் வழக்கம். மேலும், அவர் பணியாற்றியது தேசிய ஆய்வு நிறுவனத்தில் அன்று. கற்பித்தலும் மருத்துவமனைப் பணியும் மிகுந்த மாநில மருத்துவக் கல்லூரியில். அறிவியல் ஆய்வு என்றால் அது பெரிய நிறுவனங்களில் நடப்பது என்னும் எண்ணம், கல்லூரித் துறையொன்றில் பிறந்த முடிவைக் காணத் தடையாக இருந்தது எனல் மிகையன்று.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. காலரா நச்சின் கண்டறிதல் 75 ஆண்டுகள் தாழ்ந்ததற்குக் கருவிக் குறைவு காரணமன்று. நோயின் மைய நிகழ்வாகிய குடல் நீரிழப்பை அளவுகோலாகக் கொள்ளாமல், விலங்கின் இறப்பை அளவுகோலாகக் கொண்டமையே முதன்மைக் காரணமாகும்.

2. நீர்க்கோவை ஆய்வில் பெற்ற நோயியல் பயிற்சியே டேயைச் சரியான வினாவிற்கு இட்டுச் சென்றது. ஒரு துறையில் பெற்ற பார்வை வேறொரு துறையின் தேக்கத்தை உடைக்கவல்லது.

3. டேயின் சோதனை முடிவு நிலைத்தது. தந்துகிக் கசிவு பற்றிய அவர்தம் விளக்கம் திருத்தம் பெற்றது. நன்கு அமைந்த சோதனை, அதைச் செய்தவரின் விளக்கத்தைக் கடந்தும் பயன்தரும்.

4. மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறைகள் நோயறியும் பணியோடு அடிப்படை ஆய்வுக்கும் உரிய களங்களே.

காலரா இன்னும் ஒழிந்துவிடவில்லை. 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கிய ஏழாம் உலகப்பரவல் இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் 13 இலட்சம் முதல் 40 இலட்சம் பேர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர் எனவும், 21,000 முதல் 1,43,000 பேர் வரை இறக்கின்றனர் எனவும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தூய குடிநீரும் கழிவகற்றும் வசதியும் இல்லாத இடங்களே இதன் புகலிடம். நோய் எவ்வாறு கொல்கிறது என்பதை அறிவியல் விளக்கிவிட்டது. சில கிராம் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் பல உயிர்களைக் காக்கும் என்பதும் தெரிந்ததே. அந்நீர் எட்டாமல் நேரும் ஒவ்வோர் இறப்பும் தவிர்த்திருக்கக்கூடியதே ஆகும்.